குற்றாலத்துப் பச்சை மாறலாமா?

குற்றாலத்துப் பேரருவி என்ன நிறம்?

"வெள்ளை" என்று சட்டென்று சொல்வீர்கள். அருவி வெள்ளைதான். ஆனால் அதன் பின்னால் இருக்கும் பாறை? நனைந்த கறுப்பு. பாறைக்கு மேலே காடு? பச்சை. அதுவும் ஒரே பச்சை அல்ல. தளிருக்கு ஒரு பச்சை. பாசிக்கு ஒரு பச்சை. தூரத்து மலைக்கு நீலம் கலந்த பச்சை.

ஜூன் மாதம் பிறந்தால் ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று வரும். சாரல் விழும். வெயில் மங்கும். அப்போது அதே மலை வேறு நிறமாக இருக்கும்.

இந்த நிறங்களை எல்லாம் கேமரா பிடிக்கிறது. பிடித்ததைக் கம்ப்யூட்டர் காட்டுகிறது. அந்தக் கம்ப்யூட்டருக்குள் வேலை செய்யும் மென்பொருளை, அதாவது 'சாப்ட்வேரை', ஒரு நாள் புதுப்பிக்கிறார்கள். இதற்கு 'அப்டேட்' என்று பெயர். மறுநாள் பார்த்தால் காடு வேறு பச்சை! மணப்பெண்ணின் முகம் வேறு நிறம்!

இப்படி நடக்கலாமா? நடக்காமல் தடுப்பது எப்படி?

"இது சினிமாக்காரர்களின் கவலை. நமக்கு என்ன?" என்று எண்ணவேண்டாம். சினிமாவுக்கு எடுக்கும் கேமராவைப் போன்ற கேமராக்கள் இன்று கல்யாண வீட்டுக்கே வந்துவிட்டன. உங்கள் வீட்டுக் கல்யாணப் படத்தின் நிறமும் இதே மென்பொருளைக் கடந்துதான் உங்கள் கைக்கு வருகிறது.

அரிசியும் சோறும்

சினிமா கேமராவில் 'ரா' என்று ஒரு வகைப் பதிவு உண்டு. 'ரா' என்றால் பச்சையாக, சமைக்காமல் என்று பொருள். செல்போனில் எடுக்கும் சாதாரணப் படம் சோறு. உடனே சாப்பிடலாம். 'ரா' படம் அரிசி. அதைப் பிறகுதான் சமைக்கவேண்டும்.

கேமராவுக்குள் ஒரு சில்லு இருக்கிறது. அதில் லட்சக்கணக்கான சிறு கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரே ஒரு நிறத்தைத்தான் பார்க்கும். ஒன்று சிவப்பு. ஒன்று பச்சை. ஒன்று நீலம்.

பெரும்பாலான கேமராக்களில் பாதிக் கட்டங்கள் பச்சைக்கு. கால் பங்கு சிவப்புக்கு. கால் பங்கு நீலத்துக்கு. கோடக் கம்பெனியில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் என்பவர் இந்த முறைக்கு 1976-ல் காப்புரிமை பெற்றார். மனிதக் கண்ணுக்குப் பச்சை ஒளிதான் மிகத் துலக்கமாகத் தெரியும். ஆகவே பச்சைக்குப் பாதி இடம் கொடுத்தார்.

குற்றாலத்துக்கு ஏற்ற கேமரா என்று சொல்லலாம்!

'ரா' பதிவில் இந்தக் கட்டங்கள் கண்டது அநேகமாக அப்படியே எழுதப்படுகிறது. அதை முழு நிறப் படமாக்குவது மென்பொருளின் வேலை. அதற்குப் பிறகு, காட்சிக்குக் காட்சி நிறத்தைச் சரிசெய்து ஒன்றாக்கும் வேலை. இதற்குக் 'கலர் கிரேடிங்' என்று பெயர். நாம் நிறத் திருத்தம் என்போம்.

பழைய தொழில்தான்

நிறத் திருத்தம் நேற்று முளைத்த தொழில் அல்ல.

1956-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்சார் எடுத்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' வெளிவந்தது. தமிழின் முதல் முழு நீள வண்ணப் படம் அது. அந்தக் காலத்தில் பிலிமை மருந்தில் கழுவிப் பிரதி எடுப்பார்கள். சென்னையில் ஜெமினி, பிரசாத் போன்ற லேபுகள் இந்த வேலையைச் செய்து வந்தன.

பிரதி எடுக்கும் இயந்திரத்தில் மூன்று விளக்கொளிகள். சிவப்பு, பச்சை, நீலம். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 50 வரை எண். எந்தக் காட்சிக்கு எந்த எண் என்று குறித்து வைப்பார்கள். பின்னால் மறுபடி பிரதி வேண்டுமானால் அந்தக் குறிப்புதான் வழிகாட்டி.

இன்னொரு நல்ல வழக்கமும் லேபுகளில் உண்டு. ஒரு சோதனைத் துண்டை முதலில் மருந்தில் ஓட்டிப் பார்ப்பார்கள். மருந்து நேற்று இருந்தபடியே இருக்கிறதா? நிறம் ஏறிவிட்டதா? இறங்கிவிட்டதா? துண்டு சரியாக வந்தால்தான் படச்சுருள் மருந்தில் இறங்கும்.

குறிப்பு எழுதுவது. சோதனைத் துண்டு ஓட்டுவது. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

பச்சையை மஞ்சளாக்கிய படம்

பிலிமில் ஒரு எண்ணை மாற்றினால் படம் முழுவதும் மாறும். மரத்தின் பச்சையை மட்டும் மாற்றி, முகத்தை அப்படியே விடுவது கடினம்.

கம்ப்யூட்டர் அந்தத் தடையை உடைத்தது. 2000-ல் 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?' என்ற அமெரிக்கப் படம் வந்தது. ரோஜர் டீக்கின்ஸ் ஒளிப்பதிவாளர். மிசிசிப்பி மாநிலத்தில் கோடைக் காலத்தில் எடுத்தார்கள். அங்கே அப்போது எங்கும் பச்சை. கதைக்கோ காய்ந்த, புழுதி படிந்த மஞ்சள் வேண்டும். என்ன செய்தார்கள்? படத்தைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோய்ப் பச்சை எல்லாவற்றையும் மஞ்சளாக்கிவிட்டார்கள்!

அது கலைஞர்கள் யோசித்துச் செய்த மாற்றம். அதில் குறை இல்லை. யாரும் யோசிக்காமல், யாரையும் கேட்காமல் நிறம் மாறுவதுதான் குறை.

அன்று இந்தக் கருவிகள் பெரிய ஸ்டூடியோக்களிடம் மட்டுமே இருந்தன. 1984-ல் அமெரிக்காவில் தொடங்கிய 'டாவின்சி' என்ற கம்பெனியின் நிறத் திருத்தக் கருவிகள் லட்சக்கணக்கான டாலர் விலை. 2009-ல் ஆஸ்திரேலியாவின் 'பிளாக்மேஜிக்' கம்பெனி அதை வாங்கியது. 2010-ல் அதே மென்பொருளை 995 டாலருக்கு விற்றது. 2011-ல் இலவசமாகவும் ஒரு பதிப்பைக் கொடுத்தது. அதுதான் 'டாவின்சி ரிசால்வ்'. 2018-ல் ஒரு கையில் பிடிக்கும் அளவில் 'பாக்கெட் சினிமா கேமரா 4கே' என்ற கேமராவையும் கொண்டுவந்தது.

லட்சாதிபதிகளின் கருவி சிறு ஊர் வீடியோக்காரர் கைக்கு வந்தது. இது பெரிய நன்மை. மனமாரப் பாராட்டவேண்டும்.

ஆனால் கருவி வந்த வேகத்தில் லேபின் பழைய ஒழுங்கு வரவில்லை. குறிப்பு நோட்டு வரவில்லை. சோதனைத் துண்டு வரவில்லை.

அப்டேட்டில் என்ன நடக்கிறது?

'ரா' படத்தை நிறமாக்கும் முறையைக் கம்பெனிகள் அவ்வப்போது மாற்றுகின்றன. 'ரெட்' கேமரா கம்பெனி 2017-ல் 'ஐ.பி.பி.2' என்ற புது முறையைக் கொண்டுவந்தது. 'பிளாக்மேஜிக்' 2020-ல் ஐந்தாம் தலைமுறை நிற முறையைக் கொண்டுவந்தது. 'ஆரி' கம்பெனி 2022-ல் தன் 'அலெக்சா 35' கேமராவோடு புது முறையைக் கொடுத்தது. பழைய ஆரி கேமராவுக்குச் செய்த நிற அட்டவணையை இதற்கு அப்படியே போட்டால் நிறம் பொருந்தாது.

ரிசால்வ் மென்பொருளும் நிற்கவில்லை. 2022-ல் 18-ம் பதிப்பு. 2024-ல் 19. 2025-ல் 20.

இங்கே ஒரு செய்தியைத் தெளிவாகச் சொல்லவேண்டும். அப்டேட்டினால் உங்கள் 'ரா' படம் கெடுவதில்லை. அரிசி அப்படியே இருக்கிறது. சமையற்காரர்தான் மாறிவிட்டார். பழைய பக்குவம் வேண்டுமானால் கேட்டு வாங்கலாம். ரெட் படத்துக்குப் பழைய முறையா, புது முறையா என்று தேர்ந்தெடுக்கலாம். பிளாக்மேஜிக் படத்துக்கு நான்காம் தலைமுறையா, ஐந்தாம் தலைமுறையா என்று தேர்ந்தெடுக்கலாம். நிறம் மாறியதும் பதறி, ஒவ்வொரு காட்சியையும் புதிதாகத் திருத்தத் தொடங்குவது வீண் உழைப்பு. முதலில் இந்த இடத்தைப் பார்க்கவேண்டும்.

ஆனால் ஒன்றில் மிகுந்த எச்சரிக்கை தேவை. பழைய பதிப்பில் செய்த வேலையைப் புதுப் பதிப்பில் திறந்து மாற்றிவிட்டால், பழைய பதிப்பில் மறுபடி திறக்க முடியாது. அது போன வழி திரும்பாத வண்டி.

ஒரு கல்யாணக் கணக்கு

தென்காசியில் ஒரு கல்யாணம் என்று வைத்துக்கொள்வோம்.

வைகாசியில் நிச்சயதார்த்தம். அதை வீடியோக்காரர் 'ரா' வகையில் எடுக்கிறார். ஆடி மாதம் வேலை குறைவு. கேமராவுக்கு அப்டேட் வந்திருக்கிறது. போட்டுவிடுகிறார். கம்ப்யூட்டருக்கும் போட்டுவிடுகிறார். ஆவணியில் கல்யாணம். பிறகு மாப்பிள்ளையும் பெண்ணும் ஐந்தருவிப் பக்கம் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். காசி விசுவநாதர் கோயிலின் 180 அடிக் கோபுரத்தின் முன்னும் எடுத்துக்கொள்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்கிறார். நிச்சயதார்த்தத்தில் பெண் ஒரு நிறம். கல்யாணத்தில் ஒரு நிறம். அரக்கு முகூர்த்தச் சேலை ஆரஞ்சுப் பக்கம் சாய்கிறது. அருவிக் காடு பிளாஸ்டிக் இலை போல் மின்னுகிறது.

மூன்று இரவு கண் விழித்துச் சரிசெய்கிறார். முழுதும் சரியாகவில்லை. பெண்ணின் தாயார் பார்க்கிறார். "நாங்கள் எடுத்த சேலை இது இல்லையே!" என்கிறார். மீதிப் பணம் தள்ளிப் போகிறது.

தவறு யாருடையது? கம்பெனி புது முறையைப் பற்றி அறிவித்திருக்கும். ஆங்கிலத்தில், பல பக்கங்களில். அதை எத்தனை பேர் படிக்கிறார்கள்?

ஒரு சேலையின் நிறம் சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் இருபது ஆண்டு கழித்து அந்த வீட்டுப் பேத்தி, "பாட்டி கட்டிக் கொடுத்த சேலை என்ன நிறம்?" என்று கேட்பாள். அப்போது பதில் சொல்ல இருப்பது அந்தப் படம் ஒன்றுதான்.

முகமே சாட்சி

நிறம் சரியா, தவறா என்று எதை வைத்துச் சொல்வது? இயந்திரத்தைக் கேட்டால் போதாது. அதற்கும் ஒரு சாட்சி வேண்டும்.

இதில் ஒரு பழைய கதை உண்டு. போட்டோ லேபுகளுக்கு நிறம் சரிபார்க்கக் கோடக் கம்பெனி ஓர் அட்டை அனுப்பி வந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். 'ஷெர்லி அட்டை' என்று பெயர். அந்த முகம் நன்றாக வந்தால் நிறம் சரி என்று பொருள். 1950-களில் இருந்து பல ஆண்டுகள் இதுவே வழக்கம். கறுத்த முகங்கள் மங்கிப் போயின. 1990-களில்தான் பல நிற மக்களின் முகங்களும் அட்டையில் இடம் பெற்றன.

எவர் முகம் அளவுகோலோ, அவர் முகம்தான் சரியாக வரும்!

இன்றும் இந்த ஆபத்து தீரவில்லை. எங்கோ ஒரு நாட்டில் செய்த நிற அட்டவணையை வாங்கி நம் வீட்டுப் படத்தில் போடுகிறார்கள். முகம் வெளுத்துப் போகிறது. "சிவப்பாக இருக்கிறாள்" என்று சிலர் மகிழ்கிறார்கள். அது மகிழ்ச்சிக்கு உரியதா? தென்காசிப் பெண்ணின் மாநிறத்தையும், வயலில் உழைத்த தகப்பனாரின் கறுப்பையும் அழித்துவிட்டு எடுத்த படம் யாருடைய படம்?

அப்டேட் வந்தால் நம் சாட்சி நம் முகமாக இருக்கட்டும். நாம் நேரில் கண்ட முகம் படத்திலும் அப்படியே வருகிறதா? வந்தால் நிறம் சரி. காட்டின் பச்சைக்கும் இதுவே விதி. குற்றாலத்தில் பிறந்து வளர்ந்தவர் பார்த்து, "ஆமாம், இது சாரல் காலத்துப் பச்சை" என்று சொன்னால் அது சரி.

என்ன செய்யவேண்டும்?

வீடியோக்காரத் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஐந்து யோசனைகள்.

ஒன்று: வேலை நடுவில் அப்டேட் போடாதீர்கள். அறுப்பு நடக்கும்போது அரிவாளை மாற்றுவாரா விவசாயி? ஒரு வேலை முடிந்து படத்தைக் கொடுத்த பிறகு போடுங்கள். தானாக அப்டேட் ஆகும் வசதி இருந்தால் நிறுத்தி வையுங்கள்.

இரண்டு: போடுவதற்கு முன் வேலை முழுவதையும் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுங்கள். பழைய பதிப்பின் மென்பொருளையும் பத்திரப்படுத்துங்கள்.

மூன்று: சோதனைத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து காட்சிகள் போதும். அருவியின் வெள்ளை. காட்டின் பச்சை. கறுத்த முகம். சிவந்த பட்டு. இரவு மண்டபத்து விளக்கு. பழைய பதிப்பில் திருத்திய படங்களை எடுத்து வையுங்கள். புதுப் பதிப்பில் அதே காட்சிகளைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாற்றம் இருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நான்கு: நோட்டில் எழுதுங்கள். எந்தக் கேமரா? எந்தப் பதிப்பு? எந்தத் தலைமுறை நிறம்? வெயிலா, சாரலா, மண்டபத்து விளக்கா? நாலு வரி போதும்.

ஐந்து: ஒவ்வொரு இடத்திலும் 24 கட்டங்கள் உள்ள நிற அட்டையைப் பிடித்து ஒரு நொடி படம் எடுங்கள். இந்த வகை அட்டையும் 1976-ல் வந்ததுதான். அட்டைக்கு அருகில் மணப்பெண்ணையும் நிற்க வையுங்கள். அட்டையும் முகமும் சேர்ந்தால் அசைக்க முடியாத சாட்சி.

"அப்டேட்டே வேண்டாம் என்கிறீர்களா?" என்று கேட்கலாம். அப்படிச் சொல்லவில்லை. புதுக் கேமராவின் படத்தைத் திறக்கப் புதுப் பதிப்பு வேண்டும். பழைய பிழைகள் தீரவும் வேண்டும். அப்டேட் தேவைதான். அதற்கு நாள் பார்க்கவேண்டும் என்பதுதான் கட்சி.

கம்பெனிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பழைய நிற முறைகளை ஒருபோதும் எடுத்துவிடாதீர்கள். நிறத்தைத் தொடும் மாற்றம் என்றால் முதல் வரியிலேயே பெரிய எழுத்தில் சொல்லுங்கள். தமிழிலும் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் உங்கள் மென்பொருளால் பிழைப்போர் பலர் இருக்கிறார்கள்.

சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரில் அரசு திரைப்படக் கல்லூரி இருக்கிறது. அதன் ஆசிரியர்கள் தென்காசி போன்ற ஊர்களுக்கு வந்து, சீசன் இல்லாத மாதங்களில் இரண்டு நாள் வகுப்பு நடத்தலாம். சினிமாவுக்கும் அது நல்லது. 'ரோஜா' (1992) கதையின் நாயகிக்கு ஊர் சுந்தரபாண்டியபுரம். 'கேப்டன் மில்லர்' (2024) படத்துக்குத் தென்காசிப் பக்கம் காட்சிகள் எடுத்தார்கள். சென்னையிலிருந்து வந்து எடுக்கும் ஊரில், எடுக்கத் தெரிந்தவர்களும் வளரட்டும்!

வீட்டார் கவனத்துக்கு

குடும்பத்தாரும் மூன்று காரியம் செய்யலாம்.

வீடியோக்காரரிடம் பேசும்போதே கேளுங்கள்: "ரா படத்தை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்?" 'ரா' படம் நிறைய இடம் பிடிக்கும். ஒரு மணி நேரப் படம் சில நூறு ஜி.பி. கூட ஆகும். டிஸ்க் விலை கொடுத்தால் உங்களுக்கே நகல் தருவார்கள். அதை இரண்டு வீடுகளில் இரண்டு டிஸ்க்குகளில் வையுங்கள்.

அடுத்து, உங்கள் டி.வி.யைப் பாருங்கள். பல டி.வி.க்களில் 'விவிட்' என்று ஒரு அமைப்பு இருக்கும். அதில் எல்லா நிறமும் கூச்சல் போடும். 'சினிமா' அல்லது 'பிலிம்மேக்கர்' அமைப்பில் வைத்துப் பார்த்த பிறகு குறை சொல்லுங்கள்.

கடைசியாக, முகூர்த்தச் சேலையைப் பெட்டியில் பத்திரமாக வையுங்கள். நிறத்துக்கு அதைவிட நல்ல சாட்சி வேறு இல்லை.

சித்திர சபை

குற்றாலத்தில் சித்திர சபை இருக்கிறது. நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்று. இங்கே ஆண்டவன் சிலையாக இல்லை, ஓவியமாக இருக்கிறார். சுவர் முழுவதும் வண்ணம்.

சுவரில் எழுதிய வண்ணம் மங்கினால் திரும்ப எடுத்துப் பார்க்க 'ரா' கிடையாது. மங்கியது மங்கியதுதான். நமக்கோ அரிசி கையில் இருக்கிறது. எத்தனை முறை வேண்டுமானாலும் சமைக்கலாம். அந்தப் பாக்கியத்தை ஒரு பொத்தானை அவசரமாக அழுத்தித் தொலைக்கலாமா?

குறிப்பு எழுதுங்கள். சோதித்துப் பாருங்கள். நம் முகத்தைச் சாட்சி வையுங்கள். அதற்குப் பிறகு பொத்தானை அழுத்துங்கள்.

கருவி மாறட்டும். குற்றாலத்துப் பச்சை மாறவேண்டாம்!